தண்ணீர் விழுகிறதா? – டீச்சர் பதில்கள்

ஆனி பிறந்ததும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவுக்காரர்கள் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணீர் விழுகிறதா?" சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இலஞ்சி, மேலகரம், காசிமேஜர்புரம், வல்லம் என்று குற்றால அருவிகளைச் சுற்றி எந்த ஊரில் குடியிருந்தாலும் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சீசன் ஊரில் குடியிருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று சென்ற இதழில் நான் வாசகர்களைக் கேட்டிருந்தேன். நெரிசல் பற்றியும் நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சிலர் என்மேலேயே கோபமாக இருக்கிறார்கள். கோபக்காரர்களின் கடிதங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். சின்ன ஊர்கள், ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு பணி ஓய்வு. சொந்த ஊர் சுரண்டை என்றாலும் இலஞ்சியில் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேற ஆசை. போன ஆடி மாதம் வந்து பார்த்தேன். அந்தக் காற்றை விட்டு வர மனமில்லை. மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி? (வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் வீட்டம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனை எவ்வளவு தூரம், பேச்சுத்துணைக்கு யார், தொடர் சாரலில் துணி எங்கே காயும் என்று அவர் ஏற்கெனவே யோசித்திருப்பார்.

நீங்கள் பார்த்தது ஆடி மாதத்து இலஞ்சி. அதைக் கண்டு மயங்கியதில் தவறே இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் காற்றைப் பற்றிப் பேசாமல் எந்த ஆண்டும் பாடத்தைத் தொடங்கியதில்லை. தென்மேற்குப் பருவமழையை மலை கேரளப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது. கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதையை 1904-இல் அந்தக் கணவாய் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். மழைமேகமும் அதே வழியில் கொஞ்சம் நுழைந்து நம் பக்கம் தூறுகிறது. அதுதான் சாரல். கிழக்கே ஆலங்குளத்தைத் தாண்டினால் அதே நாளில் வெயில் அடிக்கும். அப்படிப்பட்ட இடுக்கில் பிறந்ததை நான் என் வாழ்நாள் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஆடியில் பார்த்துவிட்டு மனை வாங்காதீர்கள். பங்குனியில் வந்து ஒரு வாரம் தங்குங்கள். குற்றாலத்துப் பேரருவி கருத்த பாறையாக நிற்கும். நடுவில் கயிறு போல நீர் இறங்கும், சில ஆண்டுகளில் அதுவும் இராது. பிறகு ஐப்பசியில் ஒரு வாரம் தங்குங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த மனையில் எத்தனை நாள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று நேரில் நின்று பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இலஞ்சியைச் சுற்றி இன்று வண்ணக்கல் நட்டு விற்கப்படும் மனைகள் பல, நான் சிறுமியாக இருந்தபோது நாற்று நட்ட வயல்கள். நன்செய் மண் களிமண். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் குணம். நெல்லுக்கு அது நல்லது. கழிவுநீர்த் தொட்டிக்கு அது ஆகாது; ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி மேலே வரும். எங்கள் தெருவுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மூன்று வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாய்க்காலை மூடித்தான் அவர்கள் வீட்டுக்குப் பாதை போட்டிருந்தார்கள். வாய்க்கால் போகும் வழியை மூடலாம், அதில் வரும் தண்ணீரை என்ன செய்வது?

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாரும் பார்ப்பார்கள். அவற்றோடு, அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா, கிராம வரைபடத்தில் அந்த இடத்தில் வாய்க்காலோ, குளம் நிரம்பி வழியும் மறுகாலோ ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். தரகர் சொன்னால் போதாது, வரைபடத்தை நீங்களே வாங்கி விரித்துப் பாருங்கள்.

மருத்துவ வசதிக்குத் தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அறுபது கிலோமீட்டர். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் சாலையிலிருந்து தென்காசியைத் தாண்டுவதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

அமைதியை எதிர்பார்த்து வருகிறீர்கள் என்றால் மாதங்களை எண்ணிக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கோடை விடுமுறைக் கூட்டம். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் கூட்டம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்கள். எனக்குத் தெரிந்தவரை புரட்டாசியும் மாசி, பங்குனியும்தான் ஊர் ஊராக இருக்கும் மாதங்கள். இவ்வளவையும் அறிந்துகொண்டு நீங்கள் இருவரும் சம்மதித்து வருவதானால், வாருங்கள். எங்கள் தெருவில் நல்ல அண்டைவீட்டாருக்கு எப்போதும் இடம் உண்டு.

கேள்வி: நீங்கள் ஓய்வூதியம் வாங்குகிறவர். நெரிசல் என்று எழுதுவது உங்களுக்கு எளிது. நான் அருவிக்கரையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் நேந்திரம் சிப்ஸும் விற்று மகளைப் பொறியியல் படிக்க வைத்தவன். வேன் வரக்கூடாது என்றால் எங்கள் வீட்டு அடுப்பு எரியுமா? (கடைக்காரர், குற்றாலம்)

பதில்: அண்ணாச்சி, உங்கள் கோபம் நியாயமானது. வேன் வரக்கூடாது என்று நான் எழுதவில்லை. ஆனால் அப்படிப் படித்துக்கொள்ள இடம் வைத்து எழுதிவிட்டேன். என்னையும் சீசன்தான் படிக்க வைத்தது.

1971-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனி பிறந்ததும் அம்மா வீட்டின் முன்னறை இரண்டையும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார். நாங்கள் ஐந்து பேரும் அடுக்களையில் படுத்துக்கொள்வோம். விருந்தாளிகளுக்கு வெந்நீர் போடுவதும் துண்டு துவைப்பதும் என் வேலை. ஆவணி முடியும்போது அம்மாவின் தகர டப்பாவில் சேர்ந்திருக்கும் பணத்தில்தான் எங்கள் மூவருக்கும் அந்த வருடத்துச் சீருடையும் புத்தகமும். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்ததும் அந்தப் பணத்தில்தான். ஒரு விருதுநகர் குடும்பம் பதினான்கு வருடம் எங்கள் வீட்டில்தான் தங்கியது. என் திருமணத்துக்கு அவர்கள் கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு இன்றும் பூஜையறையில் எரிகிறது. ஆகவே சீசனை நான் வெறுப்பேன் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. கடை போடும் இடத்துக்கான ஏலத்தொகையை முன்கூட்டியே கட்டிவிடுகிறீர்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு வியாபாரம் போச்சு, கட்டிய பணமும் போச்சு. உயிரைக் காக்கத்தான் தடை போடுகிறார்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதன் முழுச் சுமையும் நாலுக்கு ஆறு கடை வைத்திருப்பவர் தலையில் ஏன் விழ வேண்டும்? தடை விதித்த நாட்களுக்கு ஏலத்தொகையில் கழிவு வேண்டும் என்று நீங்கள் மனு எழுதினால், முதல் கையெழுத்து என்னுடையது.

கேள்வி: மேலகரத்தில் ஒரு வீட்டில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். தென்காசியில் செவிலியர் வேலை. சித்திரை முடியும்போதெல்லாம் வீட்டுக்காரர் "சீசனுக்கு மூன்று மாதம் காலி செய்துவிட்டு, ஆவணிக்குப் பிறகு திரும்பி வாருங்கள்" என்கிறார். தினவாடகைக்கு விட்டால் என் மாத வாடகை அவருக்கு இரண்டு நாளில் கிடைத்துவிடுமாம். இரண்டு வருடம் அப்படியே போய் உறவினர் வீட்டில் இருந்தேன். இந்த முறை மகன் பத்தாம் வகுப்பு. என்ன செய்வது? (வாசகி, மேலகரம்)

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான். அருவியில் வழுக்கி விழுந்தவருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கட்டுப்போடுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்கு இந்த ஊரில் சீசனில் தங்க ஒரு வீடு இல்லை என்றால், இந்த ஊர் வளர்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு உங்களை வெளியேற்ற முடியாது. அவரிடம் தக்க காரணம் இருந்தாலும் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை நெருக்குவதற்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் போடும்போது பதினொரு மாதம் என்று போடாமல், மகனின் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை, மூன்று வருடத்துக்கு எழுதக் கேளுங்கள். வாடகையில் ஆண்டுக்கு இவ்வளவு உயர்வு என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாக இருக்கும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. என் அம்மா தன் வீட்டு முன்னறையை விட்டார். தன் பிள்ளைகளை அடுக்களைக்கு நகர்த்தினார். அடுத்தவர் பிள்ளையைப் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நகர்த்தவில்லை.

கேள்வி: கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு இரண்டு முறை வந்தோம். இரண்டு முறையும் "தடை" என்று போலீசார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீழே நல்ல வெயில். தண்ணீரும் அளவாகத்தான் விழுந்தது போலத் தெரிந்தது. தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்களோ? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

பேரருவியில் தலைக்கு மேலே ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால், மேலிருந்து கல்லும் கட்டையும் அதையும் தாண்டி விழும் என்று பொருள். பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. மேலே பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி எழுந்து பிறகுதான் கீழே வருகிறது. வெள்ளம் மிஞ்சும்போது அந்தத் தணிப்பு வேலை செய்யாது.

"கீழே நல்ல வெயில்" என்கிறீர்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அருவிகளுக்கு மேலே இருப்பது செங்குத்தான பாறைச் சரிவு. அங்கே பெய்யும் மழைக்கு ஊறி நிற்க நேரமில்லை. மேலே மேகம் மூடிப் பெய்தது கீழே குளிப்பவருக்குத் தெரியாது; தெரியும்போது தண்ணீர் வந்துவிட்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித்தான் நடந்தது. சீசன் தொடங்கவே இல்லை, கோடை மழைதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள், பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் பாடம் நடத்திய வகுப்புகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வயது அது. அந்தச் செய்தியை நான் இன்னும் கடக்கவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள். தெளிந்த தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமாக மாறுவது. இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வருவது. அருவியின் சத்தம் கனத்து அடியிலிருந்து உறுமுவது போல் மாறுவது. இதில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக்கூடாது.

திரும்பிப் போன ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. அடுத்த முறை புறப்படும் முன் தடை இருக்கிறதா என்று காலையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேக்கரைப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் தென்னை. மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, குழாய் வைத்து, தங்கும் விடுதிகளில் அருவி போல விழவைத்துக் காசு வாங்குகிறார்கள். எங்கள் கிணற்று நீர் இறங்குகிறது. யானை வேறு தென்னையை முறிக்கிறது. வளர்ச்சி என்று எல்லாரும் பேசுகிறார்கள். யாருக்கு வளர்ச்சி? (விவசாயி, செங்கோட்டை வட்டம்)

பதில்: உங்களோடு நான் முழுமையாக நிற்கிறேன். மற்ற கேள்விகளில் இரு பக்க நியாயமும் எனக்குத் தெரிகிறது. இதில் தெரியவில்லை.

குற்றாலத்தின் பெருமையே அங்கே பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே தண்ணீரை ஒரே பாறையில் தலையில் வாங்குவதுதான். அருவிக்கு டிக்கெட் கிடையாது. தூக்குவாளியோடு வந்த பாட்டியும் காரில் வந்த டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீரை மேலேயே பிடித்து, மதிலுக்குள் கொண்டுபோய், அறை எடுத்தவருக்கு மட்டும் திறந்துவிடுவது எங்களுக்கெல்லாம் பொதுவான ஒன்றைத் திருடுவது. வேறு மெல்லிய சொல்லைத் தேட நான் விரும்பவில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை, ஏற்கெனவே பிறந்த உத்தரவை நிறைவேற்றச் சொல்கிறீர்கள்.

கோபத்தைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். மாதத்தின் முதல் தேதியில் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓடை மறிக்கப்பட்ட இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அந்தக் கட்டடத்துக்கு ஊராட்சி கொடுத்த அனுமதியின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இவற்றோடு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்த ஓடையில் பங்குள்ள ஐந்தாறு விவசாயிகளாகச் சேர்ந்து போங்கள்.

யானையைப் பற்றி ஒன்று. அது வருகிற வழியில்தான் விளக்கும் வேலியும் பாட்டுச் சத்தமும் புதிதாக முளைத்திருக்கின்றன. அந்த வழி மூடினால் உங்கள் தோப்புதான் அடுத்த வழி. இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே என்பதை மனுவில் தவறாமல் எழுதுங்கள்.

கேள்வி: வயது இருபத்தொன்று. ஜீப் ஓட்டுகிறேன். கேரளாவில் மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். இங்கே மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் போகலாம் என்றால் வனத்துறை விடுவதில்லை. எங்கள் மலைக்கு நாங்கள் போகக்கூடாதா? (வாசகர், வல்லம்)

பதில்: தம்பி, உன் கேள்வியில் இருக்கும் உரிமை எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் கல்லூரி நாளில் சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு நடந்து போனவள்தான். காட்டுப்பாதையில் அப்போது கேட்ட குரங்குச் சத்தமும் ஈரப் பாறை வாசனையும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆனால் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024-இல் மாநில அரசு நாற்பது தடங்களைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும் போகலாம் என்று ஏற்பாடு செய்தது. அவற்றில் குற்றாலம் – செண்பகாதேவி ஒன்று. காரையாறு பக்கத்திலும் ஒன்று உண்டு. மலையடிவாரத்து இளைஞர்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைப்பது அந்தத் திட்டத்தின் பகுதி. நீ போய் விசாரிக்க வேண்டியது அதைத்தான். முதலுதவி கற்றுக்கொள். மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் தெரிந்த வழிகாட்டியாக இரு.

தேனருவியை மட்டும் மறந்துவிடு. பாறையில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளால்தான் அதற்கு அந்தப் பெயர். ஒருவர் புகை பிடித்தாலோ கூச்சல் போட்டாலோ அங்கிருந்து ஓட இடமில்லை. ராத்திரியில் ரகசியமாக ஆள் ஏற்றுவதாக உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதை இன்றோடு நிறுத்து. அப்படிப் போகும் வண்டி கவிழ்ந்தால் தேடி வரக்கூட யாருக்கும் தெரியாது.

கேள்வி: சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்டிருக்கிறேன். பூத்தால் படம் எடுக்கக் கார் காராக வருகிறார்கள். வயலுக்குள் இறங்கி மிதித்துவிடுகிறார்கள். ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கினேன். அதற்குப் பக்கத்து வயல்காரர், "மண்ணை வைத்துப் பிச்சை எடுக்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். தவறா? (விவசாயி, சுந்தரபாண்டியபுரம்)

பதில்: துளியும் தவறில்லை. மிதிபட்ட செடியில் விதை கிடைக்காது. அந்த நட்டம் உங்களுடையது. வரப்போரமாக ஒரு பாதை விட்டுக் கயிறு கட்டுங்கள், பணத்தை அங்கே வாங்குங்கள். காலையில் தேனீ வேலை செய்யும் நேரத்தில் மட்டும் யாரையும் உள்ளே விடாதீர்கள். மகரந்தச் சேர்க்கை கெட்டால் பூ அழகாக இருக்கும், தலை பதராகப் போகும். பக்கத்து வயல்காரர் அடுத்த வருடம் உங்களிடம் கயிறு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அருவியில் சோப்பு, ஷாம்பூ போடக்கூடாது என்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகத்தானே குற்றாலம் வருகிறோம்? (வாசகி, சிவகாசி)

பதில்: கூடாது. மதுரைக் கிளை இதற்கும் தடை விதித்திருக்கிறது. அருவித் தண்ணீர் அருவியோடு முடிவதில்லை அம்மா. அது சிற்றாறாகி, தென்காசியைக் கடந்து, குளங்களை நிரப்பி, வயலில் பாய்ந்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் சேர்கிறது. வழியெல்லாம் மாடு குடிக்கிறது, மனிதர் குடிக்கிறோம். எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் தங்கும் அறையில் தேய்த்து, அரப்போ சீயக்காயோ போட்டு அங்கேயே அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள். பாறையில் எண்ணெய் படிந்தால் அடுத்து நிற்பவர் வழுக்கி விழுவார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்தெட்டு வயது. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இருந்த குற்றாலம் எங்கே, இந்தக் குற்றாலம் எங்கே! ஊர் கெட்டுவிட்டது என்று நீங்களாவது வெளிப்படையாக எழுதக்கூடாதா? (வாசகர், தென்காசி)

பதில்: ஐயா, டி.கே.சி. 1954-இல் மறைந்தார், நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் கவிதையும் விருந்துமாகக் கழித்த சாயங்காலங்களைப் பற்றி என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அழகை நான் மறுக்கவில்லை. அதே காலத்தில் எங்கள் தெருவில் பிரசவத்துக்கு மருத்துவர் இல்லாமல் என் பெரிய அத்தை இறந்துபோனார் என்பதையும் அதே தாத்தாதான் சொன்னார். இன்று வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு ஒரு கையெழுத்துக்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவதும் நின்றுவிட்டது. ஆகவே "கெட்டுவிட்டது" என்று என்னால் எழுத முடியாது. மேக்கரை ஓடையையும் மேலகரம் செவிலியரின் வீட்டையும் பற்றி எழுதுவேன். அவற்றைச் சரிசெய்ய முடியும். நீங்களும் உங்கள் நினைவில் எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று எழுதி அனுப்புங்கள். மனை வாங்குகிறவர்களுக்கும் மனு எழுதுகிறவர்களுக்கும் அது உடனே தேவைப்படும்.

கேள்வி: டீச்சர், நீங்கள் கடைசியாக அருவியில் குளித்தது எப்போது? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: சென்ற புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. சீசன் முழுக்க "கூட்டம் குறையட்டும், கூட்டம் குறையட்டும்" என்றே காத்திருந்தார். விடியற்காலை நாலரை மணிக்கு ஆட்டோ பிடித்துப் பேரருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் எங்கள் இருவரைத் தவிர, வேலைக்குப் போகும் முன் குளிக்க வந்த மூன்று பேரும், கோயில் வாசலில் பூக்கட்டுகிற ஒரு பெண்ணும்தான். யாரும் யாரையும் தள்ளவில்லை. பூக்காரப் பெண் ஆச்சியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறு கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மிதமாக, வெதுவெதுப்பும் இல்லாமல் நடுக்கும் குளிரும் இல்லாமல் விழுந்தது. ஆச்சி கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கால் மணி நேரம் நகரவே இல்லை. பிறகு குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு தேநீர் குடித்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். ஆச்சியின் சேலை அன்று சாயங்காலம் வரை கொடியில் ஈரமாகவே கிடந்தது.